யாரையும் கேட்காமல் வாங்க முடிகிறதா?

சென்னை

அன்புள்ள தம்பிக்கு,

அத்தை எழுதுகிறேன். படிப்பு முடிந்ததும் சென்னைக்கோ பெங்களூருக்கோ ரயிலேறிவிடாமல், பொம்மிடியிலேயே கடை பிடித்து, ஊர் வியாபாரிகளுக்கு வெப்சைட் செய்துகொடுக்கத் தொடங்கியிருக்கிறாய் என்று உன் அப்பா போனில் சொன்னபோது மனசு நிறைந்துபோனது. கடத்தூர், பாப்பிரெட்டிப்பட்டி, மொரப்பூர் என்று சுற்றுவட்டாரத்தில் மண்டி வைத்திருப்பவர்கள், ஜவுளிக்கடைக்காரர்கள், கல்யாண மண்டபக்காரர்கள் என எல்லோருக்கும் இன்றைக்கு இணையத்தில் ஓர் இடம் வேண்டியிருக்கிறது. அதை ஊர்ப்பிள்ளையே செய்துகொடுப்பது நல்ல தொழில். நீ முதலில் செய்த மாம்பழ மண்டியின் தளத்தைப் பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்லச் சொல்லியிருந்தாய். அது போனில் இரண்டு வரியில் முடிகிற பேச்சாக இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் வேலை உனக்குத் தெரியும். ஒரு நிறுவனத்தின் இணையதளத்தையோ செயலியையோ மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்த முடிகிறதா என்று சோதித்து, எங்கே தடை இருக்கிறது, அதை எப்படி நீக்குவது என்று எழுதிக்கொடுக்கிற வேலை. உன் தளத்தையும் அப்படியே சோதித்தேன். போனில் டாக்பேக்கை ஆன் செய்து, திரையை இருட்டாக்கிவிட்டு, காதை மட்டும் நம்பி ஒரு பெட்டி செந்தூரா வாங்கப் பார்த்தேன். டாக்பேக் என்பது ஆண்ட்ராய்டு போன்களுக்குள்ளேயே வருகிற ஸ்கிரீன் ரீடர். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும். விரலை வலப்பக்கம் தள்ளினால் அடுத்ததற்குப் போகும்; இரண்டு தட்டுத் தட்டினால் அழுத்தியதாக எடுத்துக்கொள்ளும். பார்வையில்லாதவர்கள் போனைப் பயன்படுத்துவது இப்படித்தான்.

காதில் விழுந்ததைச் சொல்கிறேன். மண்டியின் பெயர் வரவேண்டிய இடத்தில் "ஐஎம்ஜி" என்று தொடங்கி ஒரு நீண்ட எண் வந்தது. அது லோகோ படத்தின் ஃபைல் பெயர். மெனு இருக்க வேண்டிய இடத்தில் "பட்டன், லேபிள் இல்லை" என்றது. அடுத்ததும் அதே. செந்தூரா, மல்கோவா, பெங்களூரா, இமாம் பசந்த் என்று நீ வரிசையாகப் போட்டிருக்கும் படங்கள் எல்லாம் வெறும் எண்களாக வந்தன. விலைப்பட்டியலை ஒரே போஸ்டர் படமாகப் போட்டிருக்கிறாய். அங்கே "படம்" என்ற ஒரு சொல்லுக்கு மேல் எதுவும் இல்லை. என்ன ரகம், எத்தனை கிலோ பெட்டி, என்ன விலை என்று எதுவுமே காதுக்கு எட்டவில்லை. எப்படியோ ஆர்டர் பக்கத்துக்குப் போனால், "எடிட் பாக்ஸ், எடிட் பாக்ஸ், எடிட் பாக்ஸ்." எதில் பெயர், எதில் முகவரி, எதில் போன் நம்பர் எழுத வேண்டும் என்று தெரியவில்லை. தட்டுத்தடுமாறி நிரப்பி அனுப்பினேன். ஒன்றும் நடக்கவில்லை. திரையை வெளிச்சமாக்கிப் பார்த்த பிறகுதான் புரிந்தது: ஒரு கட்டம் சிவப்பாகியிருந்தது. தவறு அங்கே என்பதற்கு அந்த நிறம் தவிர வேறு அடையாளம் இல்லை.

தளம் கண்ணுக்கு அழகாகவே இருக்கிறது, தம்பி. உன் கைவேலையில் நேர்த்தி தெரிகிறது. அந்த நேர்த்தி எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

இந்த வேலையில் நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். யாரையும் கேட்காமல் தொடங்கி, யாரையும் கேட்காமல் முடிக்க முடிகிறதா? மற்ற விதிகள், தரங்கள், சோதனைக் கருவிகள் எல்லாம் இந்த ஒரு கேள்விக்குள் அடக்கம்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், ஒரு தளம் பாதியில் கைவிட்டுவிட்டால் பார்வையில்லாத ஒருவர் என்ன செய்வார் என்று யோசித்துப் பார். பக்கத்தில் இருப்பவரிடம் போனைக் கொடுப்பார். வீட்டில் யாரும் இல்லையென்றால் பிரவுசிங் சென்டர்க்காரரிடம் கொடுப்பார். முகவரியைச் சொல்வார். கார்டு நம்பரைச் சொல்வார். ஓ.டி.பி. வந்தால் அதையும் அவரே பார்த்துக்கொள்ள விடுவார். மாம்பழம் வாங்குவதில் என்ன ரகசியம் என்று நீ கேட்கலாம். நாளைக்கு நீ மருந்துக்கடைக்குத் தளம் செய்வாய், நகைக்கடன் கொடுப்பவருக்குச் செய்வாய், ஆஸ்பத்திரிக்குச் செய்வாய். என்ன வியாதிக்கு மாத்திரை வாங்குகிறோம், எவ்வளவு கடன் பாக்கி, எந்த டாக்டரைப் பார்க்கப் போகிறோம் என்பதெல்லாம் ஊருக்குத் தெரிய வேண்டியவையா? ஒரு பெண் தனக்கு வேண்டிய நாப்கினை வாங்கக்கூட அடுத்த வீட்டுப் பையனிடம் போனை நீட்ட வேண்டியிருந்தால் அவள் மனசு என்ன பாடுபடும்? உதவிக்கு ஆள் இருக்கிறார்களே என்பது இதற்குப் பதிலாகாது. உதவி கேட்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது அவர்கள் உரிமை. கேட்டே தீர வேண்டிய நிலைமையை நாம் உண்டாக்கக் கூடாது.

"நம்ம ஊரில் இப்படி எத்தனை பேர் இருப்பார்கள்?" என்று மண்டிக்காரர் கேட்பார். நியாயமான கேள்வி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். தமிழ்நாட்டில் மட்டும் 11.79 லட்சம் பேர். அந்தக் கணக்கெடுப்பு எட்டு வகைகளில்தான் எண்ணியது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டமோ 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. உலகம் முழுக்க எடுத்துக்கொண்டால் ஆறு பேரில் ஒருவருக்குக் குறிப்பிடத்தக்க அளவில் ஏதேனும் ஒரு குறைபாடு உண்டு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

நம் மாவட்டத்துக்கு இதில் தனிக் கதையே இருக்கிறது. தர்மபுரியின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது உனக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். பல்லில் கறை படிவதோடு அது நிற்பதில்லை. பல வருஷம் அந்தத் தண்ணீரையே குடித்தவர்களுக்கு எலும்பும் மூட்டும் இறுகிப்போகும். கழுத்தைத் திருப்ப முடியாது, முதுகு வளையாது, கைகால் மடங்காது. இதற்காகத்தான் ஜப்பானின் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம் வந்தது. 2008இல் அடிக்கல் நாட்டினார்கள்; 2013இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. காவிரித் தண்ணீர் இளையவர்களைக் காப்பாற்றும். ஆனால் அதற்கு முன்பே இறுகிப்போன மூட்டுகள் பழையபடி ஆவதில்லை. அப்படிப்பட்ட ஒரு பெரியவர், விறைத்த விரலோடு, உன் தளத்தில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டிருக்கும் பொடிப்பொடி பட்டன்களில் சரியான ஒன்றை எப்படித் தட்டுவார்? நீ வைத்திருக்கும் கூட்டல் கழித்தல் குறிகளில் என் விரலே தவறித்தான் விழுந்தது. இணையதளங்கள் எல்லோருக்கும் எட்டும்படி அமைவதற்கான சர்வதேச வழிகாட்டி நெறியின் 2023ஆம் ஆண்டுப் பதிப்பு, தட்டுகிற இடம் குறைந்தது 24க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுற்றிலும் போதிய இடைவெளியாவது விட வேண்டும் என்கிறது. நம் மாவட்டத்துக்குத் தளம் செய்கிறவன் அதைவிடத் தாராளமாகவே விட வேண்டும்.

இவர்களோடு, புரை விழுந்து ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்கள், பக்கவாதத்தால் ஒரு கை விழுந்தவர்கள், காது கேளாதவர்கள், எழுத்துகள் குழம்பித் தெரிபவர்கள் எல்லோரையும் சேர்த்துக்கொள். வயதானால் நாமும் இந்த வரிசையில்தான் போய் நிற்கப்போகிறோம்.

இனி சட்டம். இதை நீ அறிந்திருக்க வேண்டும். ஆனால் வாடிக்கையாளரைப் பயமுறுத்த எடுத்து வீசாதே. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் அமலில் இருக்கிறது. அதன் 46ஆவது பிரிவு, சேவை வழங்குவோர் அரசானாலும் தனியாரானாலும் அணுகல்தன்மை, அதாவது மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிவது, பற்றிய விதிகளின்படி சேவை தர வேண்டும் என்கிறது. சட்டத்தை மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம். அடுத்தடுத்த தடவைகளுக்கு 50,000 முதல் 5 லட்சம் வரை. இணையதளங்களும் செயலிகளும் எப்படி இருக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஐ.எஸ். 17802 என்ற தரத்தை வெளியிட்டது. 2023இல் அதைச் சட்டத்தின் விதிகளுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்கள்.

நீதிமன்றங்களும் இதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2021இல் கொரோனா தடுப்பூசிக்குக் கோவின் தளத்தில் பதிவு செய்ய வேண்டியிருந்ததே, நினைவிருக்கிறதா? பார்வையற்றவர்களால் அதில் தனியாகப் பதிய முடியவில்லை. அந்த ஆண்டு மே 31ஆம் தேதி உத்தரவில் உச்ச நீதிமன்றம் குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னது: மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்சாவுக்கு ஒலி வடிவம் இல்லை, வயதையும் தடுப்பூசி வகையையும் தேர்ந்தெடுக்கும் வடிகட்டிகள் ஸ்கிரீன் ரீடருக்கு எட்டவில்லை, நேரம் போதாமல் தளம் தானாகவே வெளியேற்றிவிடுகிறது என்று. உயிர் காக்கும் ஊசிக்கும் ஒரு மனிதருக்கும் நடுவே ஸ்கிரீன் ரீடருக்கு எட்டாத ஒரு வடிகட்டி நின்றது. நாம் சாதாரணமாக நினைக்கிற குறை எங்கே கொண்டுபோய் விடுகிறது, பார்.

ராஜீவ் ரதூரி என்கிற பார்வைக் குறைபாடுள்ளவர் 2005இலேயே தொடுத்த வழக்கு ஒன்று உண்டு. அதில் 2024 நவம்பர் 8ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பைச் சொன்னது. அணுகல்தன்மையைச் சட்டம் கட்டாயம் என்கிறபோது, அதன் கீழ் வந்த 15(1) விதி வெறும் பரிந்துரையாக இருக்க முடியாது. மூன்று மாதத்துக்குள் கட்டாய விதிகளை வகுக்க வேண்டும் என்றது. அடுத்தது பிரக்யா பிரசூன் வழக்கு. அவர் ஆசிட் வீச்சில் தப்பிப் பிழைத்தவர். வங்கிக் கணக்கு தொடங்கப் போனபோது, உயிருள்ள ஆள்தான் என்று நிரூபிக்க கேமரா முன் கண்ணைச் சிமிட்டச் சொன்னார்கள். ஆசிட்டில் வெந்துபோன கண்ணிமையை அவர் எப்படிச் சிமிட்டுவார்? பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயின் தொடுத்த வழக்கோடு சேர்த்து இதை நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு விசாரித்தது. டிஜிட்டல் அணுகல் என்பது அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்து, 20 உத்தரவுகளையும் பிறப்பித்தது.

சட்டம் போதும், கைவேலைக்கு வருகிறேன். நீ முதலில் கவனிக்க வேண்டியது தமிழ் எழுத்தை. ஆங்கிலத்தில் எழுதியிருக்கும் வழிகாட்டிகள் பலவற்றில் இதைக் காணமாட்டாய். நம் வியாபாரிகள் விளம்பரத்துக்கான மேட்டரை டி.டி.பி. சென்டரில் அடித்து வாங்கித் தருவார்கள். அது பெரும்பாலும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும். பாமினியில் "அம்மா" என்று திரையில் தெரிவது கணினிக்குள்ளே தமிழாகவே இருப்பதில்லை. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகள்தான் இருக்கும். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டும். கண் ஏமாறும், ஸ்கிரீன் ரீடர் ஏமாறாது. அது "எம்கே கேஎச்" என்றுதான் படிக்கும். கூகுளில் தேடுகிறவருக்கும் அந்தப் பக்கம் கிடைக்காது. தமிழக அரசு 2010 ஜூனிலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. ஆகவே எந்த மேட்டர் வந்தாலும் முதல் வேலையாக யூனிகோடுக்கு மாற்று. என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை முழுக்கப் படித்துத் திருத்து. சில எழுத்துகள் இடம் மாறி வரும்.

இரண்டாவது, பக்கத்தின் மொழி தமிழ் என்று கோடின் தொடக்கத்திலேயே குறித்துவிடு. நீ எடுத்த டெம்ப்ளேட்டில் ஆங்கிலம் என்று இருந்ததை அப்படியே விட்டிருக்கிறாய். அப்படி விட்டால் ஆங்கிலக் குரல் தமிழைப் படிக்க வந்து தடுமாறும், சில கருவிகளில் படிக்காமலே தாண்டிவிடும். ஒரு சொல் மாற்றினால் தீர்கிற குறை இது.

மூன்றாவது, போஸ்டர். விலைப்பட்டியல், தள்ளுபடி, கடை திறக்கும் நேரம், திருமண அழைப்பு என்று எல்லாவற்றையும் படமாக்கிப் போடுவது நம் ஊர்ப் பழக்கம். படம் இருக்கட்டும், அதில் உள்ள செய்தி எழுத்தாகவும் பக்கத்தில் இருக்க வேண்டும். விலைப்பட்டியலை முறையான அட்டவணையாகப் போடு. ஒவ்வொரு பழத்தின் படத்துக்கும் மாற்று உரை எழுது. "மாம்பழம்" என்று எழுதினால் போதாது. "செந்தூரா, சிவந்த தோல், வைக்கோல் பரப்பிய 5 கிலோ பெட்டி" என்று எழுது. கண்ணால் பார்க்கிறவர் படத்தில் இருந்து என்ன தெரிந்துகொள்கிறாரோ அது காதால் கேட்கிறவருக்கும் போய்ச் சேர வேண்டும். ஓரத்தில் அழகுக்கு வைத்த மாவிலைத் தோரணத்துக்கு எதுவும் எழுத வேண்டாம். மாற்று உரையைக் காலியாக விட்டால் ஸ்கிரீன் ரீடர் அதைத் தாண்டிப் போய்விடும்.

நான்காவது, ஃபார்ம். ஒவ்வொரு கட்டத்துக்கும் நிலையான லேபிள் வை. கட்டத்துக்குள் மங்கலாகத் தெரிந்து, தட்டச்சு செய்யத் தொடங்கியதும் மறைந்துபோகிற குறிப்பு லேபிள் ஆகாது. தவறு நேர்ந்தால் சிவப்பு நிறம் மட்டும் காட்டாதே. "பின்கோடு ஆறு இலக்கம் இருக்க வேண்டும்" என்று சொல்லால் சொல். அந்தச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் உடனே படிக்கும்படி இருக்க வேண்டும். ஓ.டி.பி.க்குப் போதுமான நேரம் கொடு. மறுபடி அனுப்பச் சொல்லும் பட்டன் வை. கேப்சா இல்லாமல் சமாளிக்க முடிந்தால் வைக்கவே வைக்காதே.

ஐந்தாவது, எழுத்தின் நிறம். வெள்ளையில் வெளிர்சாம்பல் எழுத்து நாகரிகமாகத் தெரிகிறது என்று போட்டிருக்கிறாய். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும். வெள்ளைப் பின்னணியில் சாம்பல் போட ஆசையென்றால் 767676 என்ற நிறக்குறியீடுதான் கடைசி எல்லை. அதைவிட வெளிறக் கூடாது. நீ போட்டிருக்கும் 999999 மூன்றுக்கு ஒன்றைக்கூடத் தொடவில்லை. வெயிலில் பஸ் ஸ்டாண்டில் நின்று போனைப் பார்க்கும் நல்ல கண்ணுக்குக்கூட அது தெரியாது.

ஆறாவது, மவுஸ் இல்லாமல் தளம் முழுக்க நடக்க முடிய வேண்டும். கைநடுக்கம் உள்ளவர்கள், கை இல்லாதவர்கள் பலர் கீபோர்டையோ அதுபோல் இயங்கும் வேறு கருவியையோதான் பயன்படுத்துகிறார்கள். டேப் விசையை அழுத்திக்கொண்டே போ. இப்போது எங்கே நிற்கிறோம் என்று காட்டுகிற கோடு தெரிய வேண்டும். அசிங்கமாக இருக்கிறது என்று அதை எடுத்துவிடுகிறார்கள், நீ எடுக்காதே. பட்டன் வேண்டிய இடத்தில் ஹெச்.டி.எம்.எல். தருகிற பட்டனையே வை. வெறும் பெட்டிக்கு வண்ணம் பூசிப் பட்டன்போல் காட்டினால் கீபோர்டுக்கு அது எட்டாது. தலைப்புகளையும் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதோடு விடாமல் முறையான ஹெடிங்காகவே போடு. ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்துகிறவர்களில் பெரும்பாலோர் ஹெடிங் ஹெடிங்காகத் தாவித்தான் ஒரு பக்கத்தைப் புரிந்துகொள்கிறார்கள்.

ஏழாவது, காது கேளாதவர்கள். "ஆர்டருக்கு அழைக்கவும்" என்று ஒரு போன் நம்பர் மட்டும் போட்டிருக்கிறாய். பேச முடியாதவர், கேட்க முடியாதவர் எப்படி அழைப்பார்? வாட்ஸப்பிலோ எஸ்.எம்.எஸ்.ஸிலோ எழுதியும் ஆர்டர் தரலாம் என்று அதற்குப் பக்கத்திலேயே சொல். தோப்பைக் காட்டும் வீடியோவுக்குத் தமிழில் எழுத்து ஓடட்டும்.

இவை பெரிய வித்தை எதுவும் இல்லை. அமெரிக்காவின் வெப்எய்ம் நிறுவனம் ஒவ்வொரு வருஷமும் உலகின் முன்னணித் தளங்கள் 10 லட்சத்தின் முகப்புப் பக்கங்களைக் கருவி வைத்துச் சோதிக்கிறது. 2025 கணக்கில் அவற்றில் 94.8 சதவீதத்தில் குறை இருந்தது. வருஷா வருஷம் மேலே நிற்பவை அதே ஆறு குறைகள்தான்: மங்கலான எழுத்து, மாற்று உரை இல்லாத படம், லேபிள் இல்லாத கட்டம், பெயரில்லாத லிங்க், பெயரில்லாத பட்டன், மொழி குறிக்காத பக்கம். உன் தளத்தில் நான் கண்டவையும் இவைதான். பெரிய பெரிய நிறுவனங்கள் செய்யாமல் விட்டதை நம் ஊர்க் கடையில் நீ செய்து காட்டலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "ஒரே ஒரு வரி கோடு சேர்த்தால் போதும், உங்கள் தளம் எல்லோருக்கும் ஏற்றதாகிவிடும்" என்று விட்ஜெட் விற்பவர்கள் உன்னிடம் வருவார்கள். ஓரத்தில் சக்கர நாற்காலிப் படம் போட்ட பட்டன் ஒன்று வரும். அதை நம்பாதே. அப்படி விற்ற ஆக்ஸஸிபீ என்ற நிறுவனம், தன் கருவி எந்தத் தளத்தையும் தரத்துக்குக் கொண்டுவந்துவிடும் என்று விளம்பரம் செய்தது. அது உண்மையில்லை என்று அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் நடவடிக்கை எடுத்து, 2025இல் 10 லட்சம் டாலர் கட்ட வைத்தது. லேபிள் இல்லாத பட்டனுக்கு லேபிளை நீதான் எழுத வேண்டும். குறுக்கு வழி கிடையாது.

செலவு பற்றி மண்டிக்காரர் கேட்பார். முதல் நாளிலேயே செய்தால் பெரிய செலவு எதுவும் ஆகாது. மாற்று உரையும் லேபிளும் எழுத ஆகிற நேரம்தான். எல்லாம் முடிந்த பிறகு செய்யப் போனால்தான் செலவு. பூச்சு வேலை முடிந்து பெயின்டும் அடித்த சுவரை உடைத்து வயர் இழுப்பது போன்ற வேலை அது. ஆகவே இதைத் தனி ஐட்டமாகக் கொட்டேஷனில் காட்டி, வேண்டுமா வேண்டாமா என்று அவரிடம் கேட்காதே. தளம் என்றால் இதுவும் சேர்ந்ததுதான் என்று நீ முடிவு செய். அவருக்குப் புரியும்படி சொல்ல வேண்டுமானால், வாங்க வந்த ஆளை வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டாம் என்று சொல். வியாபாரிக்கு அது புரியும்.

உன் எதிர்காலத்துக்கும் இது நல்லது. ஐரோப்பிய அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் அமலுக்கு வந்துவிட்டது. மிகச் சிறிய நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. மற்றபடி ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்கு இணையத்தில் விற்கும் கடைகள் அதற்குக் கட்டுப்பட வேண்டும். நம் நாட்டிலும் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி, தன் கீழ் உள்ள நிறுவனங்களின் தளங்களும் செயலிகளும் அணுகத்தக்கவையாக இருக்க வேண்டும் என்று 2025 ஜூலை 31இல் சுற்றறிக்கை விட்டது. இந்த வேலை தெரிந்தவர்களைத் தேடுகிறார்கள், கிடைப்பதில்லை. திருப்பூரில் இருந்தோ சேலத்தில் இருந்தோ ஒரு ஏற்றுமதியாளர் ஆள் தேடும்போது, பொம்மிடியில் ஒரு பையன் இதைச் சுத்தமாகச் செய்கிறான் என்ற பெயர் உனக்கு இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. இதுதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியம். நான் எழுதிய எல்லாவற்றையும் நீ செய்து முடித்தாலும், கண் தெரிகிற நீ கண்ணை மூடிக்கொண்டு சோதித்தால் பாதி உண்மைதான் தெரியும். உனக்குத் தளத்தின் அமைப்பு முன்பே மனப்பாடம். எந்த நிமிஷமும் கண்ணைத் திறந்துகொள்ளலாம். ஆகவே நம் பக்கத்தில் ஸ்கிரீன் ரீடர் பழகிய ஒருவரைத் தேடிப் பிடி. படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பார்வையற்ற பட்டதாரிகள் நம் மாவட்டத்திலும் இருக்கிறார்கள். அவரிடம் தளத்தைக் கொடுத்து, "ஒரு பெட்டி செந்தூரா ஆர்டர் பண்ணுங்க" என்று மட்டும் சொல். பக்கத்தில் உட்காரு, வாயைத் திறக்காதே, போனைத் தொடாதே. அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே உன் வேலை பாக்கியிருக்கிறது. முடிந்ததும், இதுபோன்ற வேலைக்கு வேறு யாருக்கும் கொடுக்கும் கூலியை அவருக்கும் கொடு. கும்பிடு போட்டு, காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடாதே. அவர் உனக்கு உபகாரம் செய்ய வந்தவர் இல்லை. தொழில் தெரிந்து வேலை பார்க்க வந்தவர். அதே மாதிரி, காது கேளாத ஒருவரையும், கைநடுக்கமுள்ள ஒரு பெரியவரையும் சோதிக்கச் சொல்.

கணினிக்கு என்.வி.டி.ஏ. என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசம். பார்வையற்ற இரண்டு ஆஸ்திரேலிய இளைஞர்கள் உருவாக்கியது, தமிழும் படிக்கும். இன்றைக்கே இறக்கிவை. போனில் டாக்பேக் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு வாரம் இரண்டையும் பழகு. பிறகு மண்டிக்காரரின் தளத்தைத் திருத்து, அடுத்த தளத்தை முதலில் இருந்தே சரியாகக் கட்டு. சந்தேகம் வந்தால் எந்த நேரமும் போன் செய், நான் இருக்கிறேன்.

தளம் திறந்துவிட்டது, பணம் வாங்கிவிட்டோம் என்பதோடு வேலை முடிந்ததாக எண்ணாதே, கண்ணு. பார்வையில்லாத ஒருவர் யாரையும் கேட்காமல் உன் தளத்துக்குள் வந்து, வேண்டியதை வாங்கி, தன் கையாலேயே பணம் கட்டி வெளியே போகிற அன்றைக்குத்தான் வேலை முடிந்தது. அதுவரை அது அரைகுறை வேலைதான்.

அன்புடன்,
அத்தை